முதலில் வந்த வேலை

ஒருவருடைய பிழைப்புக்குக் கெடுதல் வருமோ என்று பல வருஷம் இதை எழுதத் தயங்கினேன். கம்ப்யூட்டரில் தேடியதும் முதலில் வந்த வேலை மகளுக்குக் கிடைக்கும் என்று நம்பி, அவளோடு திருப்பரங்குன்றம் பக்கம் ஒரு கம்பெனிக்குப் போனேன். வாசலில் கசங்கிய சட்டையோடு ஒருவர் மறித்தார்.

"சாப்ட்டீங்களாண்ணே? அந்த வேலைக்கு எப்பவோ ஆள் எடுத்தாச்சு."

"அப்ப எதுக்குய்யா முதல்ல வருது?"

"கம்ப்யூட்டர்ல தேடுனா முதல்ல வர வச்சவனே நான்தாண்ணே, இங்க அதான் என் வேலை. அந்த விளம்பரத்தை எடுத்துரலாம்னா, 'கம்பெனி பேரு தெரியுதுல்ல, கிடக்கட்டும்'ங்கிறாரு முதலாளி."

மகள் அழுதுவிட்டாள். அவர் எங்களைப் பஸ் ஏற்றிவிட்டு, அதிலிருந்து இறங்கிய இன்னொரு குடும்பத்திடம் ஓடினார். "சாப்ட்டீங்களா?"

அவரைத் திட்டுவதா, கும்பிடுவதா? முருகனிடமே கேட்டுவிட்டேன், விளங்கவில்லை. நீங்களும் அவரை நல்லவராக்கவோ கெட்டவராக்கவோ வேண்டாம்; நடந்ததை நடந்தபடியே நாலு பேருக்குச் சொல்லுங்கள்.