புழுக் கொட்டகையில் சத்தம் நின்ற மத்தியானம்

மருத்துவமனை வராண்டாவில் பிளீச்சிங் பவுடர் வாடை அடித்ததும், நோய் வராமலிருக்க அதே பவுடரைத் தூவிவைத்த எங்கள் பட்டுப்புழுக் கொட்டகை, நார்த்தாமலைப் பக்கம் இன்று இடம் தெரியாமல் போய்விட்ட அந்தக் கொட்டகை, நினைவுக்கு வந்துவிடுகிறது. முதன்முதலாகப் புழு வளர்த்த அந்தச் சித்திரையில், உள்ளே வெக்கை ஏறாமல் ஜன்னல் சாக்குகளை நனைத்துக்கொண்டே இருக்கச் சொல்லிவிட்டு அம்மா மல்பெரி இலை வெட்டப் போனாள், நான் தூங்கிவிட்டேன். விழித்தபோது சாக்குகள் மொறமொறவென்று காய்ந்திருந்தன, உள்ளே ஓயாமல் கேட்கும் இலை மெல்லும் சத்தம் அடியோடு நின்றிருந்தது. கதவைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இலைக்கட்டோடு வந்த அம்மாவிடம், "சத்தமே வரலம்மா" என்றேன். அவள் உள்ளே ஓடி, தலையைத் தூக்கியபடி அசையாமல் கிடந்த புழுக்களைக் குனிந்து பார்த்தாள்.

"தோலு உரிக்கப் போகுது புள்ள. அதான் திங்காமத் தூங்குது. பயப்படாத."

சொல்லிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். காய்ந்த சாக்குகளை நனைக்க என்னைத்தான் அனுப்பினாள்.