ஆட்டுக்குப் பக்கத்தில் ஆள் இருந்த கடை

ஷூ கம்பெனியில் தையல் லைனுக்கு நான் சூப்பர்வைசர். வியாழக்கிழமை காலை, மெஷின்கள் ஓடத் தொடங்கிய நேரத்தில் பக்கத்து வீட்டு மேரி போன் செய்தாள். "அக்கா, கவுஸ் பாய் மவுத்தாயிட்டாராம். தொழுதுட்டு உக்காந்தவரு அப்படியே சாஞ்சிட்டாராம்." எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இன்றுவரை அது அடங்கவில்லை. அஞ்சலி எழுதுகிறவளுக்கு இது லட்சணம் இல்லைதான். பாய்க்கும் லட்சணமாகப் பேச வராது, அதனால் பரவாயில்லை.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வேலூரில் எங்கள் தெரு முனையில் ஆட்டுக்கறிக் கடை வைத்திருந்தார். நான் கல்யாணமாகி வந்த புதிதில் போய் ஒரு கிலோ கேட்டேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "வீட்ல எத்தினி பேரு?" என்றார்.

"மூணு பேர் பாய்."

"விருந்தாளி?"

"யாருமில்ல."

"அப்புறம் இன்னாத்துக்கும்மா ஒரு கிலோ? அரைக்கிலோ எடுத்துட்டுப் போ. மீதியை ஃப்ரிட்ஜ்ல போட்டு, நாறிப்போச்சுன்னு கொட்டுறதுக்கா அது உசுரு போச்சு?"

அத்தனை பேர் நடுவில் என் மானம் போனது. இந்த மனுஷன் கடைப் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று முடிவு செய்துகொண்டு வந்து குழம்பு வைத்தேன். எதற்கெடுத்தாலும் குறை சொல்லும் என் மாமியார் வாயைத் திறக்காமல் இரண்டாம் தரம் சோறு போட்டுக்கொண்டார். அடுத்த ஞாயிறு நான் மறுபடி அதே கடையில்தான் நின்றேன்.

பாய் கடைக்கு ஒரு வழக்கம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை அறுக்கப்போகும் ஆடுகளைச் சனிக்கிழமை சாயங்காலமே கடை வாசலில் கட்டிவிடுவார். ஆட்டை வளர்த்தவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார வேண்டும். யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம்: எங்கே மேய்ந்தது, என்ன தின்றது, எந்தத் தண்ணீர் குடித்தது. பெரும்பாலும் அந்த ஸ்டூலில் இருப்பவர் கன்னியம்மா. அமிர்திப் பக்கம் ஆடு மேய்க்கிறவர். காய்கறி வண்டியில் ஆடுகளை ஏற்றிக்கொண்டு வருவார். பாய் வாங்கிக் கொடுக்கும் டீயைக் குடித்துக்கொண்டே, "இது ரொம்ப வாலு, என் முந்தானையைத் தின்னுடுச்சி" என்று ஆட்டைத் திட்டுவார். தோல் தொழிற்சாலைக் கழிவு கலந்த தண்ணீர் ஓடும் பக்கம் மேய்ந்த ஆட்டை யாராவது கொண்டுவந்தால், பாய் அவருக்கும் ஒரு டீ வாங்கிக் கொடுத்து ஆட்டோடு திருப்பி அனுப்பிவிடுவார்.

அறுப்பதிலும் கண்டிப்பு. ஆட்டுக்குத் தண்ணீர் காட்டாமல் கை வைக்க மாட்டார். அதன் கண்ணெதிரே கத்தி தீட்ட மாட்டார். ஓர் ஆடு பார்க்க இன்னொன்றை அறுக்க மாட்டார். கடைக்காரர் ஒருவர் இவ்வளவு சிரமப்பட வேண்டுமா என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். "நான் சாவறப்போ எனக்கு முன்னாடி நின்னு எவனாவது கத்தி தீட்டுனா நல்லாவா இருக்கும்?" என்றார்.

பிறகு அடுக்குமாடிகள் வந்தன. கூடவே ஒரு குடியிருப்போர் சங்கமும் வந்தது. ஆட்டை வாசலில் கட்டுவதால் குழந்தைகள் பார்த்து அழுகிறார்களாம், கடையை எடுக்க வேண்டுமாம். அப்படி மனு எழுதிய சங்கச் செயலாளர் ஞாயிற்றுக்கிழமை காலையில் நெஞ்செலும்பு கேட்டு முதல் ஆளாக வரிசையில் நிற்பார். பாய் அவர் முகத்துக்கு நேராகவே சொன்னார்: "குழந்தை அழட்டும் சார். அழுதா நல்ல குழந்தை. அழாம தின்றவங்களைப் பாத்தாதான் எனக்கு பேஜாரா இருக்குது." கடை தப்பியது. வாசலில் பச்சை வலை கட்டச் சொன்னார்கள், கட்டினார். ஆனால் ஸ்டூலை எடுக்கவில்லை.

அதற்கப்புறம் வந்தார் மொத்த வியாபாரி. லாரியில் ஆடு இறக்குகிறவர். நீ அலைய வேண்டாம், கல்யாண பிரியாணி ஆர்டரெல்லாம் உனக்கே தள்ளிவிடுகிறேன், என் ஆட்டை வாங்கிக்கொள் என்றார். பாய் லாரி இறக்கும் இடத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். மறுநாள் கடையில் நான் விடாமல் கேட்டபிறகு சொன்னார்: "காலைக் கட்டி ஒண்ணு மேல ஒண்ணு போட்டு வச்சிருக்கான்மா. அடியில ரெண்டு செத்துக் கெடக்குது. மிச்சத்துக்கு எடை ஜாஸ்தி காட்ட உப்புத்தண்ணி ஊத்துறான். எந்த ஊரு ஆடுடான்னா அவனுக்கே தெரில."

பாய் முடியாது என்றார். வியாபாரி எதிர்ச் சாரியில் கண்ணாடிக் கதவும் ஏசியும் வைத்துக் கடை திறந்தார். விலை கொஞ்சம் கம்மி. எங்கள் தெரு அப்படியே எதிர்ச் சாரிக்குப் போனது. பாயைப் பார்க்கும்போது மட்டும், "உங்க கறி டேஸ்ட் வருமா பாய்!" என்று பல்லைக் காட்டும். நல்ல கறி வேண்டும், ஆனால் அதற்காக ஒரு மனிதர் படும் பாடு நமக்கு வேண்டாம். என்ன ஜென்மங்கள் நாம்!

அடக்கம் முடிந்த இரண்டாம் நாள் சனிக்கிழமை. வேலை முடிந்து வேனிலிருந்து இறங்கினேன். பாய் கடை வாசலில் பெரிய ஃப்ளெக்ஸ். "மனிதருள் மாணிக்கம் கவுஸ் பாய்." மூலையில் அவர் படம். அதைவிடப் பெரிதாக வியாபாரியும் சங்கச் செயலாளரும் கைகூப்பிக்கொண்டு நின்றார்கள். கீழே, "கவுஸ் பாய் மட்டன், நாளை முதல் புதிய நிர்வாகத்தில், அதே பாரம்பரியத்துடன்." பாய் இறந்த மறுநாளே வியாபாரி கட்டட உரிமையாளரிடம் கடையைப் பேசி முடித்துவிட்டாராம். வாசலில் இரண்டு ஆடுகள் கட்டியிருந்தன. பக்கத்தில் ஸ்டூல் இருந்தது, ஆள் இல்லை.

விஷயம் தெரியாமல் கன்னியம்மா இரண்டு ஆடுகளோடு வந்து இறங்கினார். நான் சொன்னதும் அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதார். அழுது முடித்து, கட்டியிருந்த ஆடுகளைப் பார்த்து, "இது யாரு ஆடு?" என்றார். 

அங்கே செயலாளரோடு நின்றிருந்த வியாபாரியிடம் நானே கேட்டேன். "இது எங்கே மேய்ஞ்சது?"

"ஆடுதானே மேடம், எங்கயாவது மேய்ஞ்சிருக்கும்" என்று சிரித்தார். கன்னியம்மாவிடம், "உன் ஆட்டையும் இங்கயே கட்டிட்டுப் போம்மா, நல்ல விலை தர்றேன்" என்றார்.

"பேசறதுக்கு ஆளில்லாத எடத்துல நான் கட்ட மாட்டேன்" என்று கன்னியம்மா கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டார்.

நான் பாய் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி மும்தாஜ் அக்கா இத்தாவில் இருந்தார்; கணவர் இறந்தால் வீட்டைவிட்டு வெளியே வராமல் இருக்கும் நாட்கள் அவை. "என்னால வெளிய வர முடியாது தங்கச்சி" என்றார். "அந்தக் கடையை யாரு வேணா எடுத்துக்கட்டும். அவரு பேரு அங்க இருக்கக் கூடாது. நீ போய் எடுத்துட்டு வா."

என் பையில் எப்போதும் நூல் வெட்டும் கத்தரி இருக்கும். திரும்பி வந்து கன்னியம்மாவை எழுந்து தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு ஸ்டூலில் ஏறினேன். வியாபாரி கத்தினார், செயலாளர் போலீஸ் என்றார். "கூப்பிடுங்க சார், அவங்க வந்து கேக்கட்டும், இது எங்கே மேய்ஞ்ச ஆடுன்னு" என்றேன். பாயின் பெயரையும் படத்தையும் சுற்றி வெட்டி எடுத்தேன். சுருட்டிக் கொண்டுபோய் மும்தாஜ் அக்கா கையில் கொடுத்தபிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

மறுநாள் அந்தக் கடையில் கூட்டம். ஆமாம், கூட்டம்தான். நம் தெருவைப் பற்றி நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஃப்ளெக்ஸில் கைகூப்பி நின்ற இரண்டு பேரும் ஓட்டையைப் பார்த்துத்தான் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அன்று எங்கள் வீட்டில் சாம்பார். என் மாமியார்கூடக் குறை சொல்லவில்லை.

பாய், நீங்கள் அளந்து கொடுத்த அரைக்கிலோ எங்களுக்கு எப்போதும் போதுமானதாகத்தான் இருந்தது. இதை உங்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை, சொல்லியிருந்தால் அதற்கும் ஒரு திட்டு வாங்கியிருப்பேன். அந்த ஸ்டூலை நான் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். கன்னியம்மா அடுத்த சனிக்கிழமை ஆட்டோடு வந்தால், எங்கள் வாசலில் உட்காருவார். டீ நான் போடுகிறேன். நீங்கள் போய் வாருங்கள்.