காகிதத்தின் அடியில் அச்சான செஷன் ஐடி

"மில்லுல நூல் கோன் சுத்தறவரு மகளுங்க. இதுக்கு நம்ம ஜாவாவுல என்ன தப்புத் தெரியப்போகுதுங்க?"

சாஃப்ட்வேர் கம்பெனியில் நான் டெஸ்டிங் வேலைக்குச் சேர்ந்த அன்று, என் காதுபடவே புராஜெக்ட் லீடர் ரமேஷ் முதலாளியிடம் சொன்னது. அப்பா சிங்காநல்லூர் மில் தொழிலாளிதான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதில் எனக்கு வெட்கம் எதுவும் இல்லை.

பல்லடத்தில் காடாத் துணி நெய்யும் ஈஸ்வரமூர்த்திக்காக, வியாபாரிகள் இன்டர்நெட்டிலேயே ஆர்டர் போடும் சர்வ்லெட் என்னும், சர்வரில் ஓடும் ஜாவா புரோகிராம் செய்துகொண்டிருந்தோம். உள்ளே நுழைந்தவர் யார் என்று சர்வர் அடையாளம் வைத்துக்கொள்ளும் நீண்ட குறியீடுதான் செஷன் ஐடி. ரமேஷ் அதைப் பிரவுசரின் அட்ரஸிலேயே தெரியும்படி விட்டிருந்தார். டயல்-அப் லைன் அடிக்கடி அறுந்ததால், அது காலாவதி ஆகாதபடியும் செய்திருந்தார்.

பக்கத்தைப் பிரிண்ட் எடுத்தால் காகிதத்தின் அடியில் அந்த அட்ரஸ் முழுவதும் விழுந்தது. அதைப் பார்த்து வேறொரு கம்ப்யூட்டரில் அடித்தேன். பாஸ்வேர்ட் கேட்காமலே முதலில் நுழைந்தவரின் பக்கம் திறந்தது. அவர் லாக்-அவுட் செய்த பிறகும் திறந்தது. எழுதிக் கொடுத்தேன்.

"அத்தனை எழுத்தையும் எவன் அம்மணி உக்காந்து அடிப்பான்? உங்களுக்கு வேற சோலி இல்லீங்களா?" ரமேஷ் சிரித்துக்கொண்டே அறிக்கையை ஓரமாக வைத்தார்.

புரோகிராம் புழக்கத்துக்கு வந்ததும் அப்படி அடித்தவர் ஒரு கிளார்க். ஈரோட்டு வியாபாரி ஒருவர் தன் ஆர்டர் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து லாரியோடு அனுப்பியிருந்தார். பல்லடத்தில் சரக்கு ஏற்றும் இடத்தில் அதைப் பார்த்த கரூர் வியாபாரியின் கிளார்க், ஆர்டர் போடும் அட்ரஸே அதுதான் என்று நினைத்துக் குறித்துக்கொண்டு போனார். துணிக் கட்டுகளின் லாட் நம்பர் எழுதிப் பழகிய கை, ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை. பாஸ்வேர்ட் கேட்காதது சௌகரியம் என்று ஆர்டரும் போட்டுவிட்டார். அது ஈரோட்டுக்காரர் பெயரில் பதிவானதால், கரூருக்குப் போகவேண்டிய துணி ஈரோட்டில் இறங்கியது. கரூர்க்காரர் ஈஸ்வரமூர்த்தியிடம் துணி வாங்குவதையே நிறுத்திவிட்டார்.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். "டெஸ்டிங்ல உட்டுப்போச்சுன்னு ஈஸ்வரமூர்த்திகிட்டச் சொல்லிப்போட்டேன் கண்ணு. நீங்க ஒரு மன்னிப்பு லெட்டர் எழுதிக் குடுத்துருங்க."

"நான் முன்னாடியே எழுதிக் குடுத்தேனுங்க சார்."

"தெரியும் அம்மணி. ரமேஷ் கோவிச்சுட்டுப் போயிட்டா புரோகிராம் யாரு எழுதறது?"

பக்கத்து மேசையில் ரமேஷ் அடுத்த புரோகிராமை அடித்துக்கொண்டிருந்தார்.

டெஸ்டிங்குக்கு வரும் பெண்களுக்குச் சொல்கிறேன். லாக்-அவுட் செய்ததும் செஷன் சாகிறதா என்று பாருங்கள். பழைய ஐடியை வேறு கம்ப்யூட்டரில் அடித்துப் பாருங்கள். எவன் அடிப்பான் என்று கேட்பவரிடம் அதையே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நான் வாங்கவில்லை.

மன்னிப்புக் கடிதமும் எழுதவில்லை. ராஜினாமாவை முதலாளியின் மேசையில் வைத்துவிட்டுப் பல்லடம் பஸ் ஏறினேன். ஈஸ்வரமூர்த்தியின் கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்து, அவர் பார்க்க ஈரோட்டு வியாபாரியின் அந்த அட்ரஸை அடித்து, பாஸ்வேர்ட் கேட்காமலே திறப்பதைக் காட்டினேன்.