இதில விண்டோஸ் இருக்கா, மிஸ்?

மலிவான சின்ன லெப்டொப் வாங்க வருகிறவர்கள் கடையில் விசாரிப்பது அதன் நிறத்தையும் பாரத்தையும்தான்; உள்ளே எந்தச் சிஸ்டம் ஓடுகிறது என்று கேட்பது, அதை வீட்டுக்குக் கொண்டுபோய்த் திறந்து, திகைத்து, எனக்குப் போன் எடுக்கும்போது.

கொட்டாஞ்சேனையில் ஃபாரூக் நானாவின் கடையில் கவுண்டருக்குப் பின்னால் நிற்பவள் நான். விற்பதும் நான், விற்றதற்குப் பேச்சு வாங்குவதும் நான். எங்களிடம் மூன்று வகை உண்டு: விண்டோஸ் போட்டது, லினக்ஸ் போட்டது, குரோம்புக். மூடி வைத்தால் மூன்றும் ஒரே அளவு, ஒரே கறுப்பு. திறந்தால்தான் சண்டை. சொந்தக்காரர் மத்தியில் ‘கொம்பியூட்டர் தெரிஞ்ச ஆள்’ என்று பெயர் எடுத்த பாவத்துக்காகக் கலியாண வீட்டில்கூட நிம்மதியாகச் சாப்பிட முடியாமல் இருப்பவர்களே, இதை உங்களை நினைத்துத்தான் எழுதுகிறேன்.

நானா கட்சி மாறுகிறார்

ஒருகொடவத்தைக் கொள்கலன் முற்றத்தில் இருந்து எந்தச் சரக்கு வந்து இறங்குகிறதோ, நானாவுக்கு அன்றைக்கு அதுதான் உலகத்திலேயே சிறந்த சிஸ்டம். ஒருமுறை வந்த பெட்டிகள் முழுக்கக் குரோம்புக். “தங்கச்சி, இனி எல்லாம் இன்டர்நெட்தான். விண்டோஸ் கெழடாப் போச்சு. வாறவங்களுக்கு அப்பிடியே சொல்லுங்க” என்றார். சொன்னேன். கொச்சிக்கடையில் இரும்புக் கடை வைத்திருக்கும் ஓர் ஐயா என் பேச்சை நம்பி மூத்த மகளுக்கு ஒன்று வாங்கிப் போனார்.

அடுத்த முறை வந்தது விண்டோஸ். அதே ஐயா இளைய மகளுக்கும் அதேபோல ஒன்று வேண்டும் என்று வந்து நின்றார். அவர் யார் என்று நினைவில்லாத நானா, “குரோம்புக்கா? அது வெளையாட்டுச் சாமான். இன்டர்நெட் போனா சோறு போடுற தட்டுதான்” என்று விளாசிவிட்டார். ஐயா என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். பணத்தைக் கொடுத்து விண்டோஸ் ஒன்றை வாங்கிக்கொண்டு போகும்போது வாசலில் நின்று சொன்னார்: “மிஸ், நீங்க கட்சி மாறேக்க எங்களுக்கும் ஒரு மெசேஜ் போட்டு விடுங்கோ.”

மூலையில் இருந்த படம்

எங்கள் கடைத் திருத்துநர் நுவனுக்கு லினக்ஸ் என்பது சமயம் மாதிரி. ஒருநாள் வெள்ளவத்தையில் இருந்து வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்குத் தன் உடைந்த தமிழில் அதன் மகிமைகளை எல்லாம் எடுத்துச் சொல்லி, லினக்ஸ் லெப்டொப் ஒன்றை விற்றுவிட்டான். சேர் மூன்றாம் நாளே திரும்பி வந்தார். “பிள்ளை, இதில ஸ்டார்ட் இல்லை.” நான் காட்டினேன். அதே மூலை, அதே வேலை, படம் மட்டும் வேறு. “இது ஸ்டார்ட் இல்லை, பிள்ளை. இது வேற என்னவோ” என்றார். அதன் பிறகு போனில் இரண்டு தரம் விளங்கப்படுத்தினேன். மறுபடியும் நேரில் வந்தார். இராணுவத்தை ‘ஆமி’ என்றால் என்ன, ‘ஆர்மி’ என்றால் என்ன, இரண்டும் ஒன்றுதானே சேர் என்று உதாரணம்கூடச் சொல்லிப் பார்த்தேன். எழுத்துப்பிழையைப் பற்றி எனக்குத்தான் ஒரு பாடம் நடந்தது.

கடைசியில் நுவன் எழுந்து வந்தான். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, மூலையில் இருந்த படத்தை எடுத்துவிட்டு நீலத்தில் நாலு சதுரம் போட்டான். அவ்வளவுதான். வேறு ஒரு மண்ணும் மாற்றவில்லை. சேர் அதை அமத்திப் பார்த்தார். மறுபடி அமத்தினார். முகம் மலர்ந்துவிட்டது. எனக்கு மனம் கேட்கவில்லை. “சேர், உள்ளுக்கு லினக்ஸ்தான். படத்தை மட்டும்தான் மாத்தினது” என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “எனக்குப் பொய் சொல்லாதையும், பிள்ளை. விண்டோஸ் போட்டவுடன என்ன வேகமா ஓடுது பாரும்!”

சபையோர் கவனத்துக்கு

மகளின் கலியாண வரவேற்பில் படங்கள் காட்ட ஒரு தகப்பன் கடையிலேயே மிகச் சின்ன லெப்டொப்பை வாங்கிப் போனார். “ஒருக்கா இன்டர்நெட்டில விட்டு, அப்டேட் எல்லாத்தையும் முடிச்சிட்டுப் பாவியுங்கோ” என்று படித்துப் படித்துச் சொன்னேன். ஆம், ஆம் என்று தலையாட்டினார். கலியாணத்தன்று பின்னேரம் மண்டபத்தில் இருந்து அழைப்பு. பின்னால் நாதஸ்வரம் கேட்டது. பெரிய திரையில் பிள்ளையின் படங்களுக்குப் பதிலாக ஒரு வட்டம் சுற்றுகிறதாம், அதன் கீழே எத்தனை வீதம் முடிந்தது என்று போட்டிருக்கிறதாம். நிப்பாட்டக் கூடாது, நிப்பாட்டினால் எல்லாம் போய்விடும் என்றேன். வயரைப் பிடுங்கலாமா என்று கேட்டார். ஐயோ வேண்டாம் என்றேன். பிறகு அடங்கின குரலில் சொன்னார்: “மிஸ், சபை முழுக்க அந்த வீதத்தைத்தான் சத்தமா எண்ணிக்கொண்டு இருக்கினம், மாப்பிள்ளையும் சேர்ந்து.”

மரண அறிவித்தல்

கொச்சிக்கடையில் றீற்றா அக்கா ஒரு போட்டோக் கொப்பிக் கடை நடத்துகிறார். அந்தப் பக்கத்தில் யார் இறந்தாலும் அறிவித்தல் அவர் கையால்தான் தட்டெழுத்தாகும், அதுவும் பாமினி என்ற பழைய எழுத்துருவில்; அது இல்லாத கொம்பியூட்டரில் தமிழ் ஆங்கில எழுத்தாகத்தான் தெரியும். பழைய கொம்பியூட்டர் செத்துப்போக, எங்கள் கடைக்குக் குரோம்புக் வந்திருந்த காலத்தில் வந்து ஒன்றை வாங்கினார். அடுத்த வாரம் ஓடி வந்தார். கூடவே கறுப்புச் சட்டையில் ஒருவர். அவருடைய அப்பா, துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வுபெற்றவர், முதல் நாள் இரவு காலமாகிவிட்டார். பின்னேரம் அடக்கம். அதற்குள் அறிவித்தல் அடித்து மதில்களில் ஒட்ட வேண்டும். றீற்றா அக்கா திரையை என் பக்கம் திருப்பினார். அவருடைய பழைய மாதிரி அறிவித்தல், தமிழ் ஒன்றும் இல்லாமல், ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டிக் கிடந்தது. குரோம்புக்கில் பாமினியைப் போட அவருக்கும் வழி தெரியவில்லை, எனக்கும் வழி கிடைக்கவில்லை.

எழுத்தை மாற்றித் தரும் இணையத்தளம் ஒன்றில் போட்டு யுனிகோட்டாக்கினேன். அழகாக வந்தது. அச்சகத்துக்கு அனுப்பினேன். அங்கிருந்து அழைத்தார்கள்: கட்டம் கட்டமாகத் தெரிகிறது, எங்களுக்குப் பாமினிதான் வேண்டும். எனக்கு அழுகை வந்தது. விற்க வைத்திருந்த ஒரு விண்டோஸ் லெப்டொப்பை எடுத்து, அதில் பாமினியைப் போட்டு, முதலில் இருந்து தொடங்கினோம். மகன் ஒவ்வொரு பெயராகச் சொன்னார், றீற்றா அக்கா தட்டினார், நான் பிழை பார்த்தேன். ‘பாசமிகு’ என்று வரும் இடத்தில் மகன் கொஞ்சம் நிறுத்தி, வெளியே வீதியைப் பார்த்தார். பிறகு போடுங்கோ என்றார். பகல் சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே அச்சுக்குப் போய்விட்டது. தாமதத்துக்கு நான் மன்னிப்புக் கேட்டபோது மகன் குரோம்புக் திரையில் இன்னமும் கிடந்த அந்த ஆங்கில எழுத்துகளைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “பரவாயில்லை மிஸ். அப்பா உயிரோட இருக்கேக்கயும் அவரை ஒருத்தருக்கும் விளங்கேல்லை.”

கவுண்டரில் ஒரு பரீட்சை

பதுளைப் பக்கத்துப் பிள்ளை சாந்தினி. வேலை வெள்ளவத்தையில் ஒரு சேலைக் கடையில், தங்குவது கொட்டாஞ்சேனையில் ஒரு போர்டிங்கில். முன்பள்ளி ஆசிரியைக்கான டிப்ளோமா படித்துக்கொண்டிருந்தாள். அது கிடைத்தால் ஊரிலேயே ஒரு பள்ளியில் வேலை காத்திருந்தது. நுவன் அவளுக்கும் ஒரு லினக்ஸ் லெப்டொப் விற்றிருந்தான். இறுதிப் பரீட்சையன்று, காலையில் நாங்கள் கடை திறக்கும்போதே அவள் வாசலில் நின்றாள். “அக்கா, பத்து மணிக்கு ஒன்லைன் பரீட்சை. இது உள்ளயே விடமாட்டேங்குது.” பார்த்தால், பரீட்சை மென்பொருள் விண்டோஸில் மட்டும்தான் ஓடுமாம்.

விண்டோஸ் போட்ட சின்ன லெப்டொப் ஒன்றை எடுத்தேன். இடம் போதாது என்றது. இன்னொன்று. அதுவும் அதையே சொன்னது. அந்த அளவு லெப்டொப்புகளில் சிஸ்டமே சப்பாணி கட்டி உட்கார்ந்திருக்கும், வேறு எதற்கும் இடம் இராது. சாந்தினி அழவில்லை, கைலேஞ்சியைச் சுருட்டிச் சுருட்டி விரித்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்கத்தான் எனக்கு முடியவில்லை. கடையில் மிச்சம் இருந்தது பில் போடும் பெரிய கொம்பியூட்டர் ஒன்றுதான். நானாவைப் பார்த்தேன். அவர் ஒன்றும் கேட்காமல் தன் கதிரையை இழுத்து அவளுக்குப் போட்டார். நுவன் ஒரு கமராவைக் கொண்டுவந்து பொருத்தினான். அவன் கையாலேயே விண்டோஸுக்கு வேலை செய்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கமராவில் வேறு ஆள் தெரிந்தால் பரீட்சை ரத்து. ஆகவே நானா வாசலில் நின்று, வந்த வாடிக்கையாளரை எல்லாம் வாயில் விரலை வைத்துத் திருப்பி அனுப்பினார். கவுண்டர் மேசை லாச்சியில் ஏதோ எடுக்க வேண்டி வந்தபோது, அந்தப் பெரிய உடம்போடு நிலத்தில் குந்திக் குந்தி கவுண்டருக்குக் கீழால் போனார். நானும் நுவனும் சிரிப்பை அடக்கிக்கொண்டு முதுகைத் திருப்பிக்கொண்டோம். பரீட்சை முடிந்து சாந்தினி எழுந்தபோது கால் விறைத்து விழப் பார்த்தாள்.

பெறுபேறு வந்த அன்று ஒரு பை நிறைய லட்டோடு வந்தாள். பாஸ். ஊருக்குப் போகிறாள். லினக்ஸ் லெப்டொப்பை மேசையில் வைத்து, இதை மாற்றித் தர முடியுமா என்று கேட்டாள். வாயெல்லாம் லட்டாக இருந்த நானா, இப்போது வந்திருக்கும் புதுச் சரக்கைப் பற்றிப் பேசத் தொடங்கினார். நுவன் குறுக்கே பாய்ந்தான். இரண்டு பேரும் மாறி மாறிச் சொன்னதை எல்லாம் மரியாதையாகக் கேட்டு முடித்துவிட்டு, அவள் என் பக்கம் திரும்பினாள்: “எனக்கு அந்த பில்லு போடுற மெஷினயே குடுத்துடுங்க அக்கா.”

இந்தச் சிஸ்டங்களின் போட்டியில் எது வெல்லும் என்று எனக்குத் தெரியாது, ஆனால் எது வென்றாலும் தோல்விக்குக் காரணம் சொல்ல வேண்டியவள் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிற நான்தான்.