துடைத்திருந்த சோலார் தகடுகள்

கார்த்திகை முதல் சனிக்கிழமை ஏணியில் ஏறிப் பார்த்தபோது, கூரை மேலிருந்த சோலார் தகடுகளில் தூசி இல்லை. மாட்டுங்கா வீட்டை விட்டு, கல்யாண் ஸ்டேஷனையும் தாண்டி, மின்கம்பி வராத இந்த நிலத்தில் நானும் மனைவியும் குடியேறியதிலிருந்து சனிக்கிழமைதோறும் அவற்றைத் துடைப்பது என் வேலை. துடைக்காவிட்டால் விளக்கும் கிணற்று மோட்டாரும் தகராறு செய்யும். மழை நின்று, பக்கத்துச் செங்கல் சூளைகள் புகைய ஆரம்பித்துவிட்டன. தூசி எங்கே போயிற்று?

அடுத்த சனிக்கிழமையும் அப்படியே. ஏணியும் நான் சாய்த்த இடத்தில் இல்லை. சான்பாடாவில் இருக்கும் மகன் மேல் சந்தேகம் விழுந்தது. இந்த வயதில் காட்டில் என்ன வேலை, விற்றுவிட்டு ஃப்ளாட்டுக்கு வாருங்கள் என்று தீபாவளிக்கு வந்தபோதும் சொல்லியிருந்தான். வாங்க வருகிறவன் கண்ணுக்குப் பளிச்சென்று இருக்கட்டும் என்று யாரையோ ஏற்பாடு செய்திருக்கிறான்.

திங்களன்று மனைவியின் கோலமாவை எடுத்து ஏணியடியில் மெலிதாகத் தூவினேன். செவ்வாய்ச் சந்தைக்குப் போய் வந்து பார்த்தால், கலைந்து கிடந்த தடங்களுக்கு நடுவே மெட்டி போட்ட ஒரு காலின் தடம். கால் வீங்கியதால் மனைவி மெட்டியைக் கழற்றி வருடங்கள் ஆகின்றன. ஆகவே பக்கத்து வயல்காரரின் மனைவிதான். மகன் வரும்போதெல்லாம் அவளோடு மராத்தியில் வெகுநேரம் பேசுவான்.

அடுத்த செவ்வாய் சந்தைக்கென்று கிளம்பிப் பாதிவழியில் திரும்பினேன். வயல்காரி ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேலே, புடவையை இழுத்துச் செருகி, ஈரத்துணியோடு என் மனைவி.

இறங்கியதும், இது என்ன என்று கேட்டேன். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள்.

“போன மாசம் நீங்க மேல தலை சுத்தி உக்காந்தேளே, பாத்துண்டுதான் இருந்தேன். அவனுக்குத் தெரிஞ்சா மறுநாளே டெம்போ கொண்டுவந்து நிறுத்திடுவான். நான் சான்பாடாவுக்கு வரமாட்டேன்.”

“என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே.”

“நீங்க சொன்னேளா?”

இனி அவள் ஏறுவது, நான் ஏணியைப் பிடிப்பது, வயல்காரி இதை யாரிடமும் சொல்லாமல் இருப்பது என்று முடிவாயிற்று. வயல்காரி தலையை ஆட்டினாள், கொஞ்சம் அதிகமாகவே.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகன் ஃபோன் செய்தான்; மனைவிக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். குளிர், காய்கறி, என் ரத்த அழுத்தம் எல்லாம் விசாரித்துவிட்டு, வைக்கப்போகும்போது கேட்டான்: “ஏணி ரொம்பப் பழசாயிடுத்தாப்பா?”

ஏணியைப் பற்றி நான் அவனிடம் ஒருநாளும் பேசியதில்லை. மனைவியைப் பார்த்தேன். அவள் வயல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.