தப்பைச் சொல்லாத நான்கு மாதங்கள்

ஒரே இடத்தில் உட்கார்ந்து வேலை பார்ப்பது எனக்கு மறந்தே போய்விட்டது. பர்மாவில் நாங்கள் இருக்கும் இந்த ஊரில் மின்சாரம் எப்போது வரும், எப்போது போகும் என்று ஓர் அட்டவணை உண்டு. நாங்கள் எல்லோரும் அதைப் படித்து வைத்திருக்கிறோம், மின்சாரம்தான் படிப்பதில்லை. அதனால் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு க்யிம்யிண்டைங் பேட்டையில் எங்கள் நாலாவது மாடி வீட்டுக்கும், கீழே ஜெனரேட்டர் ஓடும் டீக்கடைக்கும், இரண்டுக்கும் நடுவில் சிக்னல் நன்றாக எடுக்கும் மாடிப்படித் திருப்பத்துக்குமாக அலைவேன். என் வகுப்புகளில் பாதி அந்தப் படியில் நின்றபடி நடந்தவைதான்.

அதற்கு முன்பு ஒரு சுற்றுலா ஆபீஸில் இருந்தேன். வெளிநாட்டு விருந்தாளிகளோடு பேசிப் பேசியே எனக்கு ஆங்கிலம் வந்தது. விருந்தாளிகள் வருவது நின்றது, ஆபீஸை மூடினார்கள், ஆங்கிலம் மட்டும் மிச்சம். இணையத்தில் ஆங்கிலம் பேசிப் பழக ஆள் தேடுகிறவர்களோடு மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருக்கும் வேலை கிடைத்தது. அப்படித்தான் ஒரு நவம்பர் மாதம் லித்துவேனியாவிலிருந்து அந்த அம்மா என் திரைக்கு வந்தார்.

ஐம்பது வயது இருக்கும். தையல் ஆலையில் சட்டைக்குக் கை வைத்துத் தைத்தே பாதி ஆயுளைக் கழித்தவர். ஆலையை மூடிவிட்டார்கள். ஒரே மகள் அயர்லாந்தில் கல்யாணம் கட்டிக்கொண்டு இருக்கிறாள். மகள் இருக்கும் ஊரிலேயே ஒரு ஹோட்டலில் அறைகளைச் சுத்தம் செய்ய வசந்த காலத்துக்கு முன் ஆள் எடுப்பார்கள். அதற்கு வீடியோவில் நேர்காணல் உண்டு, விருந்தாளியிடம் நாலு வார்த்தை பேசத் தெரிந்திருக்க வேண்டும். நாலு மாதம் இருக்கிறது என்று விரலைக் காட்டிச் சொன்னார். பெரிய ஆங்கிலம் வேண்டாம், துண்டு, சாவி, தலையணை, மன்னிக்கவும், இதோ வருகிறேன், இவ்வளவு போதும். அந்த வேலை கிடைத்தால் மகள் பக்கத்தில் இருக்கலாம். கிடைக்காவிட்டால் இன்னொரு குளிர்காலம் அந்தக் காலி வீட்டில்.

எனக்கு அவரை முதல் நாளே பிடித்துவிட்டது. அவர்கள் பாஷையில் நன்றி சொல்ல 'ஆச்சு' என்பார்களாம். வகுப்பு முடியும்போது அவர் அதைச் சொன்னதும் எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. தமிழில் ஆச்சு என்றால் முடிந்தது என்று அர்த்தம் என்றேன். அவரும் சிரித்தார். பிறகு தினமும் மத்தியானம் இரண்டு மணிக்கு வகுப்பு, மூன்று மணிக்கு ஆச்சு.

அவர் பேசினால் மடை திறந்த மாதிரிதான். பனி, பஸ், பக்கத்து வீட்டு நாய், சந்தையில் பீட்ரூட் விலை, மகள் போனில் சொன்னது எல்லாம் வந்து விழும். எல்லாவற்றிலும் தப்பு. நேற்று நடந்ததையும் நாளை நடக்கப்போவதையும் ஒரே மாதிரிதான் சொல்வார். அது போகட்டும். விருந்தாளியைக் கொஞ்சம் பொறுங்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டிய இடத்தில், முகம் நிறையச் சிரிப்போடு 'யூ மஸ்ட் வெயிட்' என்பார். கதவைத் தட்டி விருந்தாளியின் அறைக்குள் போகிற மாதிரி நடித்தால் 'வாட் யூ வாண்ட்?' என்பார். அந்தச் சிரிப்பை மட்டும் எடுத்துவிட்டால் அடிக்க வருகிற மாதிரி இருக்கும்.

நான் ஒவ்வொன்றுக்கும் 'வெரி குட்' சொன்னேன்.

இதை எப்படி விளக்குவது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. பர்மியர்கள் 'ஆனாடே' என்று ஒன்று சொல்வார்கள். அடுத்தவர் முகம் வாடிவிடுமே என்று நமக்குள் ஏற்படுகிற ஒரு சங்கடம். அது வந்துவிட்டால் வாய் திறக்காது. நாலு தலைமுறையாக இங்கே இருக்கிற எங்களுக்கும் அது ஊறிப்போயிருக்கிறது, வயதில் மூத்தவர் என்றால் இரண்டு மடங்கு. மார்க்கெட் தையற்காரர் எனக்கு ஒரு ரவிக்கையில் ஒரு கையை நீளமாகவும் ஒரு கையைக் குட்டையாகவும் தைத்துக் கொடுத்தார். ரொம்ப நல்லா இருக்கு அண்ணே என்று சொல்லி வாங்கி வந்து பீரோவுக்குள் வைத்தேன். அடுத்த ரவிக்கையையும் அவரிடமே கொடுத்தேன். இங்கே இதை யாரும் பைத்தியக்காரத்தனம் என்று சொல்லமாட்டார்கள்.

ஆனாலும் மனசு அரிக்காமல் இல்லை. ஜனவரியில் ஒருநாள் வகுப்பை முடித்துவிட்டு வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் படகுத்துறையில் சரக்கு எழுதும் வேலை முடிந்து வந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"அந்த அம்மா பேசுறதுல பாதி தப்பு. சொல்லலாமா வேணாமான்னு இருக்கு."

"என்ன சயாமா, அவங்க தப்பை வேற நீ எண்ணிட்டிருக்கணுமா?" பர்மிய மொழியில் டீச்சரம்மாவைக் கூப்பிடுகிற மாதிரிதான் அவர் என்னைக் கேலி செய்வார். "யபாடே, விடு. பெரிய மனுஷி. சொன்னா வெக்கப்பட்டுக்குவாங்க. பேசப் பேசத் தானா வந்துரும்."

யபாடே என்றால் பரவாயில்லை. அதைக் கேட்டதும் எனக்கு நிம்மதியாகிவிட்டது. நிம்மதிப்பட்டதற்காக இப்போது என்மேலேயே எரிச்சல் வருகிறது.

மார்ச்சில் நேர்காணல் வந்தது. எங்கள் நேரத்துக்கு மத்தியானம் மூன்றரை மணி. அன்று எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மூன்று மணிக்கே மின்சாரம் போனது. கீழே டீக்கடைக்குப் போனேன், உட்கார முடியாமல் மேலே வந்தேன், மறுபடி கீழே. கடைக்காரர் ஊற்றிக் கொடுத்த டீ மேசையிலேயே ஆறிப்போனது. வேர்வையில் போன் வழுக்கியது. நான்கரை ஆகியும் செய்தி இல்லை. அன்று சாயங்காலம் நூடுல்ஸில் உப்பில்லை என்று வீட்டுக்காரர் சொன்னபோது தட்டைப் பிடுங்கிக் கழுவப் போட்டுவிட்டேன்.

மறுநாள் இரண்டு மணிக்கு அவர் வந்தார். கோபமாக இல்லை. குழப்பமாக இருந்தார்.

"லைன் சரியில்லை" என்றார். "அறை அழுக்காக இருக்கிறது என்று விருந்தாளி சொன்னால் என்ன பதில் சொல்வாய் என்று நேர்காணல் எடுத்த பெண் கேட்டாள். நான் யூ மஸ்ட் வெயிட் என்றேன். அவள் சாரி என்றாள். கேட்கவில்லை போலிருக்கிறது என்று சத்தமாகச் சொன்னேன். மறுபடி சாரி என்றாள். இன்னும் சத்தமாகச் சொன்னேன். வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மறுபடி கேட்கலாமா? நல்ல லைனில்?"

மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தேன். மேல்மாடிப் பெண் காய்கறிப் பையோடு என்னைத் தாண்டிப் போனாள். சுவரோடு ஒட்டி அவளுக்கு வழிவிட்டேன். அதற்குமேல் சாக்கு இல்லை.

"லைனில் தப்பில்லை" என்றேன். "நீங்கள் சொன்னது தப்பு."

அவர் ஒரு நோட்டை எடுத்தார். கோடு போட்ட தடிமனான நோட்டு. நான் எந்த வாக்கியத்துக்கெல்லாம் வெரி குட் சொன்னேனோ அதையெல்லாம் அன்றன்றே அதில் எழுதி வைத்து, தினமும் சாயங்காலம் சமையலறையில் நடந்துகொண்டே மனப்பாடம் செய்திருக்கிறார். கேமரா முன்னால் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிக் காட்டினார். மணி மணியான கையெழுத்து. சும்மா பேசியிருந்தால்கூடக் காற்றோடு போயிருக்கும். அவர் என்னை நம்பி ஒவ்வொரு தப்பையும் உருப்போட்டிருந்தார்.

"இதுவும் தப்பா? இது? உனக்கு அப்போதே தெரியுமா?"

தெரியும் என்றேன்.

"தினமுமா?"

தினமும் என்றேன். ஆங்கிலத்தில் நீ, நீங்கள் என்ற வித்தியாசம் இல்லைதான். அன்று என் காதில் 'நீ' என்றுதான் விழுந்தது.

ஆனாடேயை விளக்கப் பார்த்தேன். எங்கள் பக்கம் மூத்தவர்களிடம் நேருக்கு நேர் அப்படிச் சொல்வதில்லை, உங்கள் மனசு புண்படக் கூடாது என்று நினைத்தேன், இப்படி ஏதேதோ உளறினேன். அவர் முழுவதையும் கேட்டார். பிறகு எளிய ஆங்கிலத்தில் சொன்னார். அதில் ஒரு தப்பும் இருந்ததாக எனக்கு ஞாபகமில்லை.

"நான் ஒரு கையைக் கோணலாகத் தைத்தால் சூப்பர்வைசர் அங்கேயே பிரிக்கச் சொல்வாள். கத்துவாள். நல்லது. அவள் நல்லா இருக்கு என்று சொன்னால் நான் ஆயிரம் கை கோணலாகத் தைப்பேன். உனக்கு மனசு வலிக்கவில்லை. எனக்கு வேலை போனது."

அன்று அவர் ஆச்சு சொல்லவில்லை. திரை அணைந்தது.

நான்கு நாள் ஆளைக் காணோம். வீட்டில் நான் வைத்தது வைத்த இடத்தில் இல்லை. துணி மடிக்க உட்கார்ந்தால் பாதியில் எழுந்துவிடுவேன். யபாடே என்று யாராவது ஆரம்பித்தால் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்காரர் இரண்டு முறை வாங்கிக் கட்டிக்கொண்டார், பாவம். செய்தி எழுதுவேன், அழிப்பேன். மன்னிப்புக் கேட்பதற்கும் எனக்கு வாயில் வருவது இனிப்பான வார்த்தைகள்தான், அதுதானே இவ்வளவுக்கும் காரணம். கடைசியில், 'நோட்டை முதல் பக்கத்திலிருந்து திருத்தலாம். காசு வேண்டாம்' என்று மட்டும் அனுப்பினேன்.

அவர் வந்தார். மகள் ஊரிலேயே வேறொரு ஹோட்டலில் மூன்று வாரத்தில் நேர்காணல் என்றார். முதல் பக்கத்தைத் திறந்தார்.

தப்பு என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. முதல் நாள் ஒவ்வொரு முறையும் முன்னால் ஒரு மன்னிப்பு, பின்னால் ஒரு சமாதானம் சேர்த்தேன். இரண்டையும் விடு, நேரமாகிறது என்றார். இரண்டாம் வாரம் 'தப்பு' என்று வெறுமனே சொல்லப் பழகினேன். எங்கள் தமிழிலும் பர்மிய மொழியிலும் அவருடைய பாஷையிலும் இல்லாத, ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் அந்த 'தி' என்ற சின்னச் சொல்லை எங்கே வைப்பது என்று இரண்டு பேரும் சேர்ந்தே மண்டையை உடைத்துக்கொண்டோம். அவர் பழைய வரியை அடித்துவிட்டு மேலே புதிதாக எழுதுவார். எந்தப் பக்கத்திலும் அடிக்காத வரி நாலைந்துக்குமேல் இல்லை.

அவருடைய ஆங்கிலம் திருந்திக்கொண்டே வந்தது, பேச்சு குறைந்துகொண்டே வந்தது. பனியும் நாயும் பீட்ரூட்டும் நின்றுபோயின. ஒரு வாக்கியத்தை மனசுக்குள் முழுதாகக் கட்டி, சரிபார்த்து, பிறகுதான் வெளியே விடுவார். விட்டதும் என் முகத்தைப் பார்ப்பார். மகள் எப்படி இருக்கிறாள் என்று ஒருநாள் கேட்டேன். 'அவள் நன்றாக இருக்கிறாள், நன்றி' என்று பாடப்புத்தகப் பதில் வந்தது. பழைய தப்புகளில் எவ்வளவு பேச்சு இருந்தது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அதைக் கேட்டு வாங்க எனக்கு உரிமையில்லை.

அந்த இரண்டாவது வேலை அவருக்குக் கிடைத்தது. இப்போது மகள் இருக்கும் ஊரில் இருக்கிறார். சந்தோஷமான முடிவுதான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சொல்ல வந்தது நேர்காணலுக்கு முந்தைய நாளைப் பற்றி.

ஏப்ரலில் பர்மியப் புத்தாண்டுக்கு வரும் தண்ணீர்ப் பண்டிகைக்கு முந்தைய வாரம். வெயில் மண்டையைப் பிளந்தது. ஆச்சரியமாக அன்று மின்சாரம் இருந்தது, வீட்டுக்குள்ளேயே மேசை போட்டு உட்கார்ந்திருந்தேன். நான் விருந்தாளி, அவர் வேலைக்காரி. அறை அழுக்கு என்றேன், துண்டு இல்லை என்றேன், வேண்டுமென்றே கத்தினேன், சம்பந்தமில்லாமல் பஸ் நிலையத்துக்கு வழி கேட்டேன். முக்கால் மணி நேரம். பணிவாக, தெளிவாக, ஒரு தடுமாற்றம் இல்லாமல் பதில் சொன்னார். நான் பென்சிலை வைத்துக்கொண்டு காத்திருந்தேன், குறித்துக்கொள்ள ஒன்றுமே வரவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"இன்றைய தப்புகளைச் சொல்" என்றார்.

"ஒன்றுகூட இல்லை" என்றேன். "நிஜமாகவே பிரமாதமாகப் பேசினீர்கள்."

அவர் நோட்டில் எதையும் எழுதவில்லை. பேனாவை மூடினார். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபம் துளியும் இல்லாமல், ரொம்ப மரியாதையான ஆங்கிலத்தில் சொன்னார்.

"மிக்க நன்றி. எதற்கும், லண்டனில் வேலை பார்த்துவிட்டு வந்தவர் ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். அவரிடமும் ஒரு தடவை பேசிக் காட்டிக் கேட்டுக்கொள்கிறேன்."