மூன்று கால் பறவைக்கு ஒரு ஸ்தோத்திரம்

என் நைனாவின் கண்களை அவித்தது கிளிஞ்சல் சுண்ணாம்பு. தொண்ணூறுகளின் கடைசியில், பொங்கலுக்கு முந்தைய வாரம், பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போயிருந்தார். பீப்பாயில் சுண்ணாம்பைக் கொட்டித் தண்ணீர் ஊற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். கொதித்துக்கொண்டிருந்தது முகத்தில் அடித்தது. வீட்டுக்காரர் தன் குடிதண்ணீர்ப் பானையைத் தொட விடாமல் தெருக்குழாய்க்கு வழி காட்டினாராம். குழாயில் அன்றைக்குத் தண்ணீர் வரவில்லை. "சீக்கிரம் கழுவியிருந்தா" என்று ஆரம்பித்த ஆஸ்பத்திரி டாக்டர், எங்கள் முகத்தைப் பார்த்து அதோடு நிறுத்திக்கொண்டார்.

எங்கள் காலனியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட சின்ன சபை ஒன்று இருந்தது. ஆறு மாதம் ஜெபித்தும் கண் திறக்காததால், இவர் மறைத்து வைத்த பாவம் ஏதோ இருக்கிறது என்று சபையில் பேசிக்கொண்டார்கள். எங்கள் வீட்டில் காபி குடித்துக்கொண்டேகூடப் பேசினார்கள்.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் ஆயிரம் ஸ்தோத்திரம் சொல்வார்கள். ஒருவர் புத்தகத்தைப் பார்த்து "சூரியனைப் படைத்தவரே" என்பார், மற்றவர்கள் "ஸ்தோத்திரம்" என்பார்கள். அந்த ஆயிரத்தையும் நைனா என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டு மனப்பாடம் செய்தார். மூன்றே மாதத்தில் புத்தகமில்லாமல் முன்னால் நின்று அவர் சொல்ல, சபை பின்னால் சொன்னது. பாஸ்டரே அசந்துபோய் அந்த வேலையை அவருக்கே கொடுத்துவிட்டார். சோறு போட நானும் அம்மாவும் இருந்தோம். ஆனால் நாலு பேர் நடுவில் அவரை மனுஷனாக நிற்க வைத்தது அந்த வெள்ளிக்கிழமை ஒன்றுதான்.

ஆயிரமும் அவருக்குப் போதவில்லை. அச்சடித்ததையே சொன்னால் கடவுளுக்கு அலுத்துவிடும் என்று நினைத்தாரோ என்னவோ, தினமும் புதிதாக ஒரு படைப்பு வேண்டும் என்றார். ஒரு நாள் சுண்ணாம்புக்கும் ஸ்தோத்திரம் சொன்னார். அம்மா கையிலிருந்த கரண்டியை வீசினாள். அது அவர் மேல் படவில்லை. வந்து விழுந்தது எது என்றும் அவருக்குத் தெரியவில்லை.

பார்த்து வந்து சொல்லும் வேலை எனக்கு. நான் பட்டுக்கடையில் புடவை விரித்துக் காட்டுகிறவள். அங்கே பெண்கள் உட்காரக் கூடாது. காலையிலிருந்து நின்றுவிட்டு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்பார்.

"இன்னைக்கு இன்னாமா பாத்தே?"

நான் பார்த்ததெல்லாம் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வந்தவர்களின் முகச்சுளிப்புதான். ஆனாலும் எதையாவது சொல்வேன். கரண்ட் கம்பியில் உட்கார்ந்த கரிச்சான், கோயில் மதிலில் முளைத்த அரசங்கன்று. விடமாட்டார். வால் எவ்வளவு நீளம், இலை எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று துருவுவார். எனக்குக் கெண்டைக்கால் சுருட்டி இழுக்கும். தன் கண் போய்விட்டதென்று என் கண்ணைப் பிடுங்கிக்கொண்டார் என்று தோன்றும். சத்தியமாகச் சொல்கிறேன், அவரை வெறுத்தேன்.

கூட வேலை செய்தவளின் கல்யாணத்துக்குத் தென்னேரி போன நாளில், திரும்பி வரும்போது பஸ்ஸில் வழியெல்லாம் நின்றுகொண்டே வந்தேன். நைனா வாசலிலேயே காத்திருந்தார். அந்த ஊர் ஏரி எவ்வளவு பெரியது என்று அவருக்குத் தெரியும்.

"ஏரில இன்னாமா இருந்துச்சு?"

"பறவ."

"எப்டி இருந்துச்சு?"

"நீலமா. மூணு காலு."

திட்டுவார் என்றுதான் சொன்னேன். திட்டினால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அன்றைக்கு எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

"மூணா? எப்டிமா நிக்குது?"

"ரெண்ட தண்ணில ஊணிக்கினு, ஒண்ண மடிச்சுக்கினு."

"நம்ம பக்கத்துல இப்டி ஒண்ணு இருக்குதுன்னு யாருமே சொல்லல பாரு. அவருக்கு இன்னாமா கஷ்டம், நெனச்சா நாலு கூட வெப்பாரு."

நைனா ஏமாளி இல்லை. நாற்பது வருஷம் கண்ணால் பறவைகளைப் பார்த்தவர்தான். நான் பொய் சொல்வேன் என்று அவருக்குத் தோன்றவே இல்லை, அவ்வளவுதான். அதுவே எனக்கு இன்னும் ஆத்திரத்தை மூட்டியது. அலகு சிவப்பு என்றேன். குழந்தை அழுகிற மாதிரி கத்தும் என்றேன். அம்மா அடுப்படியிலிருந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். நைனா முகத்தை மேலே தூக்கி, கண்ணீர் வழிய ஸ்தோத்திரம் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் சாட்சி சொல்ல எழுந்தார். வெளியூர்ப் பிரசங்கியார் வந்திருந்ததால் நல்ல கூட்டம். மூன்று கால் என்றதும் முதலில் பிள்ளைகள் சிரித்தார்கள், பிறகு பெரியவர்களும். பாஸ்டர் சிரிக்கவில்லை. விருந்தாளி முன்னால் மானம் போன கோபம் அவருக்கு.

"இத யாரு உங்களுக்குச் சொன்னது பிரதர்?"

நைனாவின் முகம் பெண்கள் பக்கம் திரும்பியது. நான் எங்கே உட்காருவேன் என்று அவருக்குத் தெரியும். நான் பாயில் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து 'நான்தான்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"யாரும் சொல்லல ஐயா. நானா நெனச்சுக்கினேன்."

"கர்த்தர் சந்நிதில பொய் சாட்சி சொல்லலாமா?" என்றார் பாஸ்டர். வரும் வெள்ளிக்கிழமையிலிருந்து வேறொருவர் புத்தகம் வைத்து நடத்துவார் என்று அங்கேயே அறிவித்தும் விட்டார். மறைத்து வைத்த பாவம் எது என்று தெரிந்துவிட்ட திருப்தியில் பலர் தலையை ஆட்டினார்கள்.

திரும்பும்போது வழக்கம்போல என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார். பாதி வழியில் கேட்டார்.

"ரெண்டு காலுதானா?"

"ரெண்டுதான் நைனா."

"நீலமாவது நெசமா?"

"இல்ல."

அவர் என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் கடையில் எனக்கு வேலையே ஓடவில்லை. உண்மையாக ஒன்றை அவருக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும் என்று துடித்தேன். மத்தியானம் சாப்பிட மொட்டை மாடிக்குப் போனபோது, தண்ணீர்த் தொட்டியின் ஓரத்தில் ஒரு குளவி மண் உருண்டைகளைக் கொண்டுவந்து கூடு கட்டிக்கொண்டிருந்தது. சாப்பாட்டை மறந்து பார்த்தேன். இடுப்பு நூல் அளவுக்குத்தான் இருந்தது. ஒவ்வொரு உருண்டையையும் வாயால் தட்டித் தட்டி ஒட்டியது. என் வாழ்நாளில் எதையும் நான் அப்படிப் பார்த்ததில்லை.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றினேன். நைனா கேட்கவில்லை. நானே பக்கத்தில் போய் உட்கார்ந்து, அந்தக் குளவியை முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன். இடுப்பு, இறக்கை, மண்ணின் ஈரம், எதையும் விடவில்லை. குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு அடுப்படிப் பக்கம் முகத்தைத் திருப்பி அம்மாவிடம் கேட்டார்.

"நீ பாத்தியா அத?"

"நான் எங்க பாத்தேன். அது அவ கடைலதான இருந்துச்சு."

"அப்ப வுடு," என்றார்.

அதற்குப் பிறகும் பல வருஷம் இருந்தார். தினமும் ஸ்தோத்திரம் சொன்னார். தண்ணீருக்குச் சொன்னார், சோற்றுக்குச் சொன்னார், மேலே பட்ட வெயிலுக்குச் சொன்னார். நான் பார்த்த எதற்கும் சொல்லவில்லை.